கவிதை எழுதினால் அனோரெக்ஸியா குணமாகுமா?

ஒரு அக்கா கேட்டிருக்கிறார். தங்கைக்கு 19 வயது. அனோரெக்ஸியா (எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கிக்கொண்டே போகும் மனநோய்) என்று தெரிந்து ஆறு மாதமாகச் சிகிச்சை நடக்கிறது. பள்ளிக் காலத்தில் நோட்டு நோட்டாகக் கவிதை எழுதியவள், படமும் வரைவாளாம். இப்போது இரண்டையும் தொடுவதில்லை. டயட்டீஷியனிடம் போவதென்றாலே வீட்டில் சண்டை. 'எழுத்துத் தெரபி, ஆர்ட் தெரபி என்கிறார்களே, அதில் நிஜமாகவே பலன் உண்டா? மற்றதை நிறுத்திவிட்டு இதை மட்டும் செய்தால் போதுமா? நான் வீட்டில் என்ன செய்யலாம்? அவள் எழுதுவதை நான் படிக்கலாமா?' இவைதான் கேள்விகள்.

நான் மருத்துவர் இல்லை. உணவுக் கோளாறுக்குச் சிகிச்சை தரும் குழுக்களோடு சேர்ந்து பல வருஷமாக எழுத்து அமர்வுகள் நடத்துகிறேன். அந்த இடத்திலிருந்துதான் சொல்கிறேன். கீழே வருகிற ஆட்கள் பலரிடம் பார்த்ததைக் கலந்து சொன்னவர்கள், யார் ஒருவரையும் குறிக்கவில்லை.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். போதாது. மற்றதை நிறுத்தவே கூடாது. மனநோய்களில் அதிகம் பேரைப் பலிவாங்குகிறவற்றில் அனோரெக்ஸியா ஒன்று. பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வந்த ஒரு கணக்கின்படி, இந்த நோய் உள்ளவர்களிடம் இறப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 6 மடங்கு. இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டவர். இதயத் துடிப்பு தாறுமாறாவதும் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்குவதும் கவிதைக்குக் கட்டுப்படாது.

தவிர, பட்டினி கிடக்கிற மூளைக்குக் கவிதை வராது. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். போருக்குப் போக மனசாட்சி ஒப்பாமல் மறுத்தவர்கள், தாங்களாகவே முன்வந்தவர்கள். ஆறு மாதம் அரைகுறைச் சாப்பாடு. (எத்தனை கலோரி, எத்தனை கிலோ என்று வேண்டுமென்றேதான் எழுதவில்லை. காரணம் பின்னால் வரும்.) போகப் போக அவர்களுக்குப் பேச்சும் கனவும் சாப்பாடு என்றே ஆகிவிட்டது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரித்து வைத்துப் படித்தார்கள். சிரிப்பு வற்றியது, நட்பு வற்றியது, எதிலும் கவனம் நிற்கவில்லை. அத்தனை பேரும் சோதனைக்கு முன்னால் மனநலம் பரிசோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

உங்கள் தங்கை நோட்டைத் தொடாததை இதோடு வைத்துப் பாருங்கள். அவள் சோம்பலாக இருக்கிறாள், பிடிவாதம் பிடிக்கிறாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சாப்பாடு உள்ளே போகப் போகத்தான் எழுத்து வெளியே வரும். டயட்டீஷியனை நிறுத்திவிட்டு எழுத்தைப் பிடிப்பது, அடுப்பை அணைத்துவிட்டு உலை கொதிக்கக் காத்திருப்பது மாதிரி.

சரி, மருத்துவமும் சாப்பாடும் நடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது எழுத்து என்ன செய்யும்?

ஒரு பெண். முதல் நாள் தடியான, அட்டை போட்ட நோட்டு கொண்டுவந்தாள். பத்து நிமிஷம் எதையாவது எழுது என்றேன். இரண்டு வரி எழுதினாள். எழுத்து சாய்ந்துவிட்டது என்று தாளைக் கிழித்தாள். கிழித்த இடத்தில் பிசிறு தெரிகிறது என்று அந்தப் பிசிறை நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்தாள். அப்புறம் அடுத்த பக்கத்தில் ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டாள். பத்து நிமிஷம் முடிந்தபோது நோட்டில் மார்ஜின் மட்டும்தான் இருந்தது.

அடுத்த வாரம் நோட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிரித்த பழைய கவர்களின் உள்பக்கம், ஒரு பால்பாயிண்ட் பேனா, ரப்பர் கிடையாது, இடது கையால் எழுத வேண்டும். அவள் வலது கைக்காரி. 'மழை பெய்தது. செருப்பு நனைந்தது. நான் திட்டவில்லை' என்று எழுதினாள். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு திசையில் விழுந்து கிடந்தது. அதைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது. கிழிக்கவில்லை.

அந்த அமர்வில் அவள் தன் நோயைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஆனாலும் என் கணக்கில் அது நல்ல அமர்வு. இந்த நோய் பலரிடம் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும் என்ற வெறியோடு ஒட்டிக்கொண்டு வரும். கோணலாக ஒன்றைச் செய்து, அதை அழிக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டு, வானம் இடிந்து விழவில்லை என்று பார்ப்பது அவர்களுக்குப் பெரிய பயிற்சி. நல்ல கவிதை வர வேண்டும் என்று எதிர்பார்க்கிற ஆசிரியர் இந்த வேலைக்கு ஆகாது.

அடுத்தது, உணர்ச்சிக்குப் பெயர் தேடுவது. உள்ளே நடப்பதை வார்த்தையில் சொல்ல முடியாத நிலைக்கு அலெக்சிதைமியா என்று பெயர். பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் 1970களில் வைத்த பெயர் அது. உணவுக் கோளாறு உள்ளவர்களிடம் இது அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்கும் முன்பே, 1962இல், ஹில்டே ப்ரூக் என்ற மருத்துவர் அனோரெக்ஸியாவின் அடையாளங்களாகச் சொன்னவற்றில் இரண்டு: உடலின் உள் சமிக்ஞைகளைச் சரியாகப் படிக்க முடியாமை, தன்னால் எதுவுமே ஆகாது என்ற உணர்வு. கோபம், பொறாமை, தனிமை எல்லாம் 'குண்டாக இருக்கிற மாதிரி இருக்கிறது' என்ற ஒரே வாக்கியத்தில் போய் அடைந்துவிடுகின்றன.

நான் கொடுக்கிற பயிற்சி எளிமையானது. அந்த வாக்கியம் மனதில் ஓடும்போது, அதற்கு அரை மணி நேரம் முன்னால் என்ன நடந்தது என்று ஐந்து வரி எழுத வேண்டும். உடம்பைக் குறிக்கும் எந்தச் சொல்லும் வரக்கூடாது. எழுதிப் பார்த்தால் தோழி போனை எடுக்காதது வரும், அம்மா யாரிடமோ பேசிய ஒரு சொல் வரும். ஒரு பெண் முதல் மாதம் முழுக்க 'தெரியவில்லை' என்றே எழுதினாள். இரண்டாவது மாதம் 'எரிச்சல்' என்று எழுதி, அடித்துவிட்டு, பக்கத்திலேயே 'பொறாமை' என்று எழுதினாள். அந்த அடித்தலைத்தான் நான் அவளுடைய தெரபிஸ்டிடம் சொன்னேன், அவள் சம்மதத்தோடு.

மூன்றாவது வகைக்குத்தான் ஆய்வுப் பின்னணி அதிகம். கடிதம். நோயாளியை அனோரெக்ஸியாவுக்கு இரண்டு கடிதம் எழுதச் சொல்வார்கள், ஒன்று நண்பனாக நினைத்து, ஒன்று எதிரியாக நினைத்து. லண்டனில் லூசி செர்பெல், ஜேனட் ட்ரெஷர் முதலியோர் இப்படி எழுதப்பட்ட கடிதங்களை ஆராய்ந்து 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நண்பன் கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்தது, 'நீ என்னைப் பாதுகாக்கிறாய்' என்பது. இது வீட்டில் இருப்பவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். நமக்குப் பேயாகத் தெரிவது அவளுக்குக் காவல்காரனாக நிற்கிறது. பிடுங்கி எறி என்று சொன்னால் அவள் ஏன் சண்டைக்கு வருகிறாள் என்று இப்போது புரியும்.

இந்தக் கடிதங்கள் பிறகு லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையோடு சேர்ந்து வளர்ந்த 'மாண்ட்ரா' என்ற சிகிச்சை முறையில் ஓர் அங்கமாயின. பெரியவர்களின் அனோரெக்ஸியாவுக்கு பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2017 வழிகாட்டியில் சொன்ன உளவியல் சிகிச்சைகளில் அதுவும் ஒன்று. நோயை ஆளிலிருந்து பிரித்து, எதிரே ஒரு நாற்காலியில் உட்காரவைத்துப் பேசுவது என்ற யோசனையை மைக்கேல் ஒயிட், டேவிட் எப்ஸ்டன் என்ற இரண்டு தெரபிஸ்டுகள் கதைவழிச் சிகிச்சை என்று வளர்த்தெடுத்தார்கள். அதன் சாயலும் இதில் உண்டு.

ஒரு பையன் எழுதியதைச் சொல்கிறேன். (ஆண்களுக்கும் இந்த நோய் வரும், கண்டுபிடிக்கத்தான் நாளாகிறது.) நண்பன் கடிதம் மூன்று பக்கம். நீ வந்த பிறகுதான் என்னால் ஒன்றைச் சாதிக்க முடிந்தது, நீதான் என்னை விட்டுப் போகாதவன் என்று உருக்கமாகப் போனது. எதிரி கடிதம் நாலே வரி. முதல் மூன்று வரியும் டாக்டர் சொல்லிக் கேட்டவை: எலும்பு, இதயம், தலைமுடி. நாலாவது வரி, 'நீ வந்த பிறகு அண்ணன் என்னிடம் ஜோக் சொல்வதை நிறுத்திவிட்டான்.' அந்த ஒரு வரிதான் அவனுடையது. அதற்குப் பிறகு பல வாரம் அந்த அண்ணனைப் பற்றியே எழுதினான். பழைய ஜோக்குகளை எழுதி வைத்தான், பாதி படுமட்டமான ஜோக்குகள். நோய் அந்தப் பக்கங்களில் தலைகாட்டவே இல்லை.

நான் இத்தனை வருஷத்தில் வந்து சேர்ந்த முடிவும் அதுதான். நோயைப் பற்றி எழுதுவது ஓர் எல்லைவரைதான் உதவும். நோய் இல்லாத எதையாவது பற்றி எழுத ஒரு ஆளுக்குத் தெம்பு வருகிறதே, அங்கேதான் எழுத்து தன் வேலையைச் செய்கிறது. பல சக ஊழியர்களுக்கு இதில் என்னோடு ஒத்துப்போகாது, முதலில் வலியைக் கொட்ட வேண்டும் என்பார்கள்.

கொட்டுவது பற்றி ஒரு வார்த்தை. இதற்கெல்லாம் ஆதாரமாக எல்லோரும் காட்டுவது ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளரின் 1986 ஆய்வை. கல்லூரி மாணவர்களை 4 நாள், தினம் 15 நிமிஷம், வாழ்க்கையின் மிக வேதனையான அனுபவத்தை எழுதச் சொன்னார். எழுதிய கையோடு மனம் கனத்தது, ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் டாக்டரிடம் போனது குறைந்தது. பின்னால் வந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பலன் உண்டு, ஆனால் சிறியது. அதுவும் அந்த மாணவர்கள் வயிறார சாப்பிட்டவர்கள். ஒரே நினைப்பைச் சுற்றிச் சுற்றி வருவதே நோயின் குணமாக இருக்கிறபோது, வெற்று நோட்டைக் கொடுத்து 'மனதில் உள்ளதை எல்லாம் எழுது' என்றால், அந்தச் சுற்றல் அப்படியே தாளில் இறங்கும். எழுத்து மட்டும் தனியாக அனோரெக்ஸியாவைக் குணப்படுத்தியது என்று காட்டும் வலுவான ஆய்வு கிடையாது. சிகிச்சையின் நடுவே அதற்கு ஓர் இடம் உண்டு, அவ்வளவுதான்.

இனி, பேனாவை நோயே பிடுங்கிக்கொள்ளும் ஆபத்து. இதை யாரும் போதுமான அளவு சொல்வதில்லை. நோய் அழகாக எழுதும். எலும்பு, பனி, கண்ணாடி, காற்று, வெறுமை என்று ஒரு தயார்நிலைச் சொல்தொகுதி அதனிடம் இருக்கிறது. படிக்கிற ஆசிரியர் மயங்கிப் பாராட்டிவிடுவார், அந்தப் பாராட்டு நோய்க்குப் போய்ச் சேரும். இன்னொரு பக்கம், டயரி என்று ஆரம்பித்தது சாப்பிட்டதன் கணக்கேடாக மாறும். சிகிச்சையில் தெரபிஸ்ட் எழுதச் சொல்லும் சாப்பாட்டுக் குறிப்பு வேறு, அதற்கு ஒரு நோக்கமும் அதைப் பார்க்க ஒரு ஆளும் உண்டு. என் அமர்வுகளில் ஒரே ஒரு கண்டிப்பு: எண்கள் கூடாது. கிலோ, கலோரி, அளவு, உடை சைஸ் எதுவும் வராது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அந்த எண்ணைக் கேட்டுவிட்டு, அதைவிடக் கீழே போக வேண்டும் என்று வீட்டுக்குப் போவார். மேலே மினசோட்டா பற்றிச் சொன்னபோது எண்களை விட்டதும் இதனால்தான். உங்கள் தங்கையும் இதைப் படிக்கக்கூடும்.

எழுதுவது யார், அவளா நோயா என்று எப்படித் தெரியும்? நோய் எழுதினால் எல்லாம் பொதுவாக இருக்கும், எல்லாம் ஒரே சுருதியில் இருக்கும், வேறு மனிதர்கள் வர மாட்டார்கள். அவள் எழுதினால் யாராவது கதவைத் தட்டுவார்கள், பஸ் தாமதமாகும், ஒரு நாய் குறுக்கே போகும்.

கவிதையே போதும் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது அமெரிக்கக் கவிஞர் லூயிஸ் க்ளிக்கின் வாழ்க்கையை. பதின்வயதில் கடுமையான அனோரெக்ஸியா, பள்ளிக்கூடம் போவதையே நிறுத்த வேண்டி வந்தது. ஏழு வருஷம் உளப்பகுப்பாய்வுச் சிகிச்சையில் இருந்தார். சிந்திக்கக் கற்றுக்கொடுத்ததே அந்தச் சிகிச்சைதான் என்று பிற்காலத்தில் சொன்னார். கவிதை வகுப்புகளுக்கும் போனார். 2020இல் நோபல் பரிசு. அவ்வளவு பெரிய திறமைக்கும் சிகிச்சை தேவைப்பட்டது.

படிப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எழுதுவதைவிட அதில்தான் வீட்டார் அதிகம் தவறு செய்கிறார்கள். அனோரெக்ஸியாவிலிருந்து மீண்டவர் எழுதிய புத்தகம் என்று தேடி வாங்கித் தருவார்கள், ஊக்கமாக இருக்கும் என்று. எமிலி ட்ரோஷியாங்கோ என்ற ஆய்வாளர் பிரிட்டனின் 'பீட்' என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து 885 பேரிடம் நடத்திய சர்வே 2018இல் வெளிவந்தது. உணவுக் கோளாறு பற்றிய கதைகள் மனநிலையையும் உடம்பைப் பற்றிய எண்ணத்தையும் மோசமாக்கின என்றே பலரும் சொன்னார்கள். சிலர் அப்படிப்பட்ட புத்தகங்களைத் தேடிப் போனதே நோயைத் தீவிரமாக்கிக்கொள்ள. அவரவருக்குப் பிடித்த மற்ற கதைகளோ பொதுவாக நன்மை செய்தன, இல்லாவிட்டால் கெடுதல் செய்யவில்லை. ஆகவே துப்பறியும் கதை, பேய்க்கதை, பயணக் கதை, அவளுக்கு முன்பு எது பிடிக்குமோ அது. கவனம் சிதறுகிற காலத்தில் சிறுகதை போதும், அதையும் நீங்கள் உரக்கப் படித்துக் காட்டலாம்.

ஓவியமும் கைவேலையும் எழுத்தைவிடச் சீக்கிரம் தொடங்கலாம், வார்த்தை தேட வேண்டியதில்லை. 2009இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்ற 38 பெண்களுக்குப் பின்னல் வேலை கற்றுக்கொடுத்தார்கள். நாலில் மூன்று பேர், பயமும் ஓயாத நினைப்பும் தணிந்தன என்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத ஆய்வு, அவர்களே சொன்னதுதான் கணக்கு. இருந்தாலும் எனக்கு அதில் ஆச்சரியமில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு வருகிற அந்த ஒரு மணி நேரம்தான் அவர்களுக்கு நரகம், கையில் ஒரு வேலை இருந்தால் அது எப்படியோ நகர்ந்துவிடும். புலிமியாவிலும் (அளவுமீறிச் சாப்பிட்டுவிட்டு அதை ஈடுகட்ட வாந்தி போன்ற வழிகளைத் தேடுவது) பிஞ்ச் ஈட்டிங்கிலும் (கட்டுப்பாடில்லாமல் அளவுமீறிச் சாப்பிடுவது) இது இன்னும் பொருந்தும். உந்துதல் அலை மாதிரி ஏறி இறங்கும் என்பதால் அந்த நேரத்துக்கு ஒரு பெட்டியில் நூலோ களிமண்ணோ வண்ணமோ தயாராக இருப்பது நல்லது. ஆனால் உடம்பின் உருவத்தைப் பெரிய தாளில் வரைகிற பயிற்சியை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். பயிற்சி பெற்ற ஆர்ட் தெரபிஸ்ட்கூட அதை யோசித்துத்தான், நேரம் பார்த்துத்தான் எடுப்பார். நாடகம், நடனம் பற்றிச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். முதலில் அவளுடைய தெரபிஸ்டிடம், எழுத்தைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். சரி என்றால் அழகான நோட்டு வாங்கித் தராதீர்கள். கிழிந்த தாள், பழைய கவர். 'எழுதேன்' என்று சொல்வதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஐந்து நிமிஷம் எழுதுங்கள். நீங்கள் மோசமாக எழுதினால் இன்னும் நல்லது. 'ஜன்னலுக்கு வெளியே தெரிவது', 'தொலைந்துபோன ஒரு பொருள்', 'நம் வீட்டில் வரும் சத்தங்கள்' இந்த மாதிரித் தலைப்புகள் போதும். சாப்பாட்டு மேஜையில் மட்டும் வேண்டாம், தட்டைத் தள்ளிவைக்க எழுத்து ஒரு சாக்காகிவிடும்.

அவள் எழுதியதைப் படிக்கலாமா? அவளாகக் காட்டாத வரை கூடாது. ஒளித்து வைத்ததை எடுத்துப் படித்தீர்கள் என்று தெரிந்தால், அடுத்த முறை அவள் உங்களுக்காகவே எழுதுவாள், அந்த எழுத்தால் பயனில்லை. ஒரே விதிவிலக்கு: சாவது பற்றி, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றி எழுதியிருப்பது எப்படியாவது உங்கள் கண்ணில் பட்டால், கோபித்துக்கொள்வாளே என்று தயங்காமல் அன்றைக்கே அவளுடைய மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவளிடமும், சொல்லப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அவளாகவே காட்டினால் 'எவ்வளவு அழகா எழுதியிருக்கே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், மறுபடி அழகாக இருந்தாக வேண்டிய கட்டாயம் வந்துவிடும். எழுதியதில் ஏதாவது ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். 'அந்தச் செருப்பு எப்போ வாங்கினது?'